மக்கட்சுட்டும் குற்றச்சுட்டும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



கோச்சடை மிகப் பழைய ஊர். அதன் பெயரைப் பாண்டியன் கோச்சடையனின் பெயரோடு இணைத்துப் பேசுவது மதுரை வழக்கு. வைகைக் கரையில் வில்லாயுதமுடைய அய்யனாரும் முத்தையா சுவாமியும் காவல் தெய்வங்களாக நிற்கும் இவ்வூரில், பத்தாண்டுகளாகச் சொல்லை ஆய்ந்து வரும் ஓர் இலக்கிய வட்டத்தின் விழாவில், சொல்லின் ஆற்றலைப் பற்றிச் சில கூறுதல் பொருத்தமுடையது.

சொல்லெல்லாம் பொருள் குறிப்பன என்பது தொல்காப்பியர் கொள்கை. பொருள் முன்னே இருக்கின்றது. சொல் அதனைச் சுட்டுகின்றது. இஃது ஐயமின்றி ஏற்கத்தக்கதே. ஆயினும் ஒரு வினா எஞ்சி நிற்கின்றது. சொல் பொருளைச் சுட்டும்போது, அப்பொருளைக் காணும் முறையையும் உடன் வகுத்துவிடுகின்றதா? வகுத்துவிடுமாயின், பிழையான சொல்லொன்று மனிதர் வாழ்வில் என்ன செய்யும்? இவ்வினாவிற்கு விடை தேட நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. மதுரைக்கு மேற்கே விரியும் நிலமும் அதில் வாழ்ந்த மக்களின் வரலாறுமே போதிய சான்று தருகின்றன.

காலிப் பீப்பாய்

மொழிக்கும் உலகநோக்கிற்கும் உள்ள உறவை ஆராய்ந்தோருள் அமெரிக்கரான பெஞ்சமின் லீ ஓர்ப் (1897–1941) குறிப்பிடத்தக்கவர். அவர் தொழிலால் மொழியியலார் அல்லர். தீக்காப்பீட்டு நிறுவனமொன்றில் விபத்துகளின் காரணத்தை ஆய்வு செய்யும் பணியில் இருந்தவர். எண்ணெய் நிறைந்த பீப்பாய்கள் இருக்கும் இடத்தில் தொழிலாளர் மிகுந்த எச்சரிக்கையோடு நடந்துகொள்வதையும், ‘காலிப் பீப்பாய்’ எனப் பெயரிட்டு அடுக்கிய இடத்தில் அஞ்சாமல் புகைபிடிப்பதையும் அவர் கண்டார். உண்மையில் காலிப் பீப்பாய்களே கொடியவை. அவற்றுள் தங்கிய ஆவி எளிதில் தீப்பற்றி வெடிக்கும். ‘காலி’ என்னும் சொல், உள்ளே ஒன்றுமில்லை என்னும் எண்ணத்தை விளைத்தது. எண்ணம் செயலை விளைத்தது. செயல் தீயை விளைத்தது.

ஒரு மொழி பேசுவோர் அம்மொழிக்குள் முற்றும் சிறைப்பட்டவர் என ஓர்ப்பின் கருத்தை மிகைப்படுத்திக் கொள்வது தவறு. அங்ஙனமாயின் மொழிபெயர்ப்பு என்பதே இயலாது. ஆயினும் பெயர் ஒன்று கவனத்தை ஒருபால் ஈர்த்து மறுபால் மறைக்கும் என்னும் அளவில் அவர் கண்டது மெய்யே.

நிலத்திற்கு இட்ட பெயர்

வருவாய்த்துறைப் பதிவேடுகளில் வழங்கும் சொற்களை எண்ணிப் பார்க்கலாம். நன்செய், புன்செய், நத்தம், தரிசு, புறம்போக்கு என நிலம் அங்கே பாகுபாடு பெறுகின்றது. தீர்வை விதிப்பதற்குரிய நிலத்திற்குப் புறம்பாக வைக்கப்பட்டது புறம்போக்கு. கண்மாய், வாய்க்கால், பாதை, மேய்ச்சல் தரை, சுடுகாடு ஆகியன இப்பகுப்பில் அடங்கும். ஊர் முழுமைக்கும் உரியவை, ஊரின் உயிர்நாடியானவை, வரி தாராமையால் புறத்தே நிறுத்தப்பட்டன.

அரசின் கணக்குக்கு வசதியாக அமைந்த அச்சொல் நாளடைவில் மக்கள் வழக்கில் வசைச்சொல் ஆயிற்று. எதற்கும் உதவாதவனைப் ‘புறம்போக்கு’ என ஏசுவது இன்றும் தெருவில் கேட்கக் கூடியதே. பொதுநிலத்தைக் குறித்த சொல் பயனின்மையைக் குறிக்கத் தொடங்கியபின், அந்நிலத்தை மேட்டுவதும் அடைப்பதும் பழியற்ற செயல்களாயின. மாடக்குளம் போன்ற பெருங்கண்மாய்களைச் சார்ந்து வாழ்ந்த மதுரைச் சுற்றுப்புறத்தார்க்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை. நிலத்திற்கு இட்ட பெயரே இத்துணை விளைவுடையதாயின், மாந்தர்க்கு இட்ட பெயர் எத்துணை விளைவுடையதாகும்?

தொல்காப்பியர் காட்டும் ஐயம்

தமிழிலக்கணத்தின் முதற்பெரும் பகுப்பு உயர்திணை, அஃறிணை என்பது. உயர்திணைக்கு இலக்கணம் கூறவந்த தொல்காப்பியர் ‘மக்கட்சுட்டு’ என்னும் சொல்லாட்சியைக் கையாளுகின்றார். மக்கள் எனச் சுட்டப்படும் பொருளே உயர்திணை என உரையாசிரியர் விளக்குவர். ‘மக்கள்’ என்று மட்டும் கூறாது ‘சுட்டு’ என்பதையும் சேர்த்தமை ஆழ்ந்து நோக்கத்தக்கது. காணப்படுவோனை மனிதனாகக் கருதிச் சுட்டும் ஒருவரின் கருத்தும் இப்பகுப்பினுள் இடம்பெற்றுவிடுகின்றது. பகுப்பு பொருளிடத்து மட்டும் இல்லை, சுட்டுவோரிடத்தும் இருக்கின்றது.

சுட்டுவோர் தவறலாம் என்பதைத் தொல்காப்பியர் நன்கு உணர்ந்தவர். அதனாலேயே கிளவியாக்கத்தில் ஐயத்திற்கும் விதி வகுத்தார். மங்கிய ஒளியில் தொலைவில் ஏதோ ஒன்று தோன்றுகின்றது. அது மரக்கட்டையா, மனிதனா என்பது தெளிவாகவில்லை. இது உரையாசிரியர் காட்டும் எடுத்துக்காட்டு. அந்நிலையில் இன்னதெனத் துணிந்து கூறாது, ‘உரு’ என்பது போன்ற பொதுச்சொல்லால் கூறுக என்பது விதி. மனிதன் எனத் தெரிந்து, ஆணா பெண்ணா என ஐயுறின், இருவர்க்கும் பொதுவான பன்மைச் சொல்லால் கூறுக என்பது மற்றொரு விதி. ஐயம் நீங்கியபின், அல்லாததை விலக்கிக் கூறும் ‘அன்மைக் கிளவி’ எவ்வாறு அமைய வேண்டும் என்பதற்கும் இலக்கணம் உண்டு. அறியாத நிலையில் அறிந்ததுபோல் பெயரிடாதே என்னும் நெறி இவ்விதிகளில் பொதிந்துள்ளது.

இவ்விடத்துப் பழமையை மிகையாகப் போற்றுதலும் கூடாது. அடியோரையும் வினைவலரையும் அன்பின் ஐந்திணைக்குப் புறத்தே நிறுத்தி, கைக்கிளை பெருந்திணைகட்கே உரியராக்கியதும் அதே தொல்காப்பியம்தான். உழைப்பவர் நெஞ்சில் ஒத்த அன்பு அரும்பாதா என்னும் வினாவிற்கு அந்நூற்பாவில் விடை இல்லை. பகுப்பு அறிவிற்குத் துணையாவதும், பகுத்தோரின் மேட்டிமைக்குத் துணையாவதும் ஒரே நூலில் காணக்கிடக்கின்றன. ஐயத்திற்கு இடம் தந்த பகுதிகளில் அந்நூல் உயர்ந்தும், இடம் தாராத பகுதிகளில் தாழ்ந்தும் நிற்கின்றது எனலாம்.

ரேகைச் சட்டம்

ஐயத்திற்கு ஒரு சிறிதும் இடம் தாராத பகுப்பு என்ன செய்யும் என்பதைக் குற்றப்பழங்குடியினர் சட்டம் காட்டுகின்றது. ஆங்கில ஆட்சி 1871ஆம் ஆண்டில் வடஇந்தியப் பகுதிகட்கென இச்சட்டத்தை இயற்றியது. தச்சரின் மகன் தச்சனாவது போலக் குற்றமும் குலத்தொழிலாகப் பிறப்பில் தொடர்வது என்பதே அதன் அடிப்படை வாதம். 1911ஆம் ஆண்டுச் சட்டம் இதனைச் சென்னை மாகாணத்திற்கும் கொண்டுவந்தது. ஒரு குலத்தார் குற்றத்தில் பழகியவர் என அரசு அறிவிக்கை வெளியிட்டால் போதும். அக்குலத்தில் பிறந்தோர் அப்பகுப்பினுள் அடங்குவர். அவ்வறிவிக்கை செல்லுமா, செல்லாதா என எந்த நீதிமன்றமும் வினவ இயலாது. ஐயத்தின் வாயிலையே சட்டம் அடைத்துவிட்டது.

கோச்சடைக்கு அணித்தே சமணர் மலையடியில் உள்ள கீழக்குயில்குடியின் கள்ளர் சமூகத்தார்மீது 1914ஆம் ஆண்டில் இச்சட்டம் பாய்ந்தது. சில ஆண்டுகளுக்குள் மதுரைக்கு மேற்கேயுள்ள பிரமலைக் கள்ளர் அனைவர்மீதும் அது விரிந்தது. வளர்ந்த ஆடவர் கைரேகை பதிக்க வேண்டும். இரவில் காவலர் முன்னோ குறித்த இடத்திலோ தம் இருப்பைக் காட்ட வேண்டும். வெளியூர் செல்லச் சீட்டுப் பெற வேண்டும். குற்றம் செய்தாரா என்பது அங்கே வினாவன்று. எவர்க்குப் பிறந்தார் என்பதே வினா. மக்கள் இதனை ரேகைச் சட்டம் என்றனர். அரசு இட்ட நீண்ட பெயரைவிட இப்பெயரே அச்சட்டத்தின் இயல்பை நன்கு உரைக்கின்றது. மனிதன் மறைந்து அவன் விரல்நுனி மட்டும் எஞ்சிய நிலையை அது சுட்டுகின்றது.

உசிலம்பட்டிப் பகுதியைச் சேர்ந்த பெருங்காமநல்லூர் மக்கள் ரேகை பதிக்க மறுத்தனர். 1920 ஏப்ரல் 3ஆம் நாள் அங்கே காவல் படையினர் துப்பாக்கியால் சுட்டனர். மாயக்காள் என்னும் பெண் உட்படப் பதினாறு பேர் மாண்டனர். அவ்வூரார் வேண்டியது உணவோ நிலமோ அன்று. தம்மீது இடப்பட்ட ஒரு சொல்லை ஏற்க மறுத்தமைக்காக அவர்கள் உயிர் கொடுத்தனர். சொல் வெறும் ஒலி எனக் கருதுவோர் இந்நிகழ்ச்சியை நினைவில் கொள்ளுதல் வேண்டும்.

அக்காலத்தில் மதுரையில் வழக்கறிஞராக விளங்கியவரும் கேரளத்தில் பிறந்தவருமான ஜார்ஜ் ஜோசப் (1887–1938) இம்மக்களுக்காக வாதாடினார். மக்கள் அவரை ‘ரோசாப்பூ துரை’ என அன்போடு அழைத்தனர். அரசிடம் இழிபெயர் பெற்ற ஒரு மக்கட்கூட்டம், தனக்கு உதவிய வேற்றூரார்க்கு மலரின் பெயரைச் சூட்டியது.

பெயரே சான்றானமை

இப்பகுப்புக்கு ஆங்கில அதிகாரிகள் காட்டிய சான்றுகளுள் ஒன்று தமிழ் பயில்வோர்க்கு மிகவும் உரியது. கள்ளர் என்னும் குலப்பெயரின் பொருளே அச்சான்று. 1909இல் வெளிவந்த எட்கர் தர்ஸ்டனின் தென்னிந்தியக் குலங்களும் குடிகளும் பற்றிய தொகுதிகளிலும் இப்பொருள் விளக்கம் இடம்பெற்றுள்ளது. ஒரு சொல்லின் வேரைக் கண்டு, அச்சொல்லைப் பெயராகக் கொண்டவரின் இயல்பைத் துணிவது மொழியறிவு ஆகாது. சங்க நூல்கள் வேங்கட மலைத்தலைவன் புல்லியைக் கள்வர் கோமான் எனப் புகழ்ச்சி தோன்றவே கூறும். ஒரு பெயர் தோன்றிய காலத்துப் பொருள் வேறு. வழங்கும் காலத்துப் பொருள் வேறு. இவ்வேறுபாட்டை அறியாத அகராதிப் பார்வை, காவல் நிலையப் பதிவேட்டில் ஏறியபோது பல்லாயிரவர் வாழ்வைக் குலைத்தது.

இங்கு மற்றொரு சொல்லையும் நினைத்தல் வேண்டும். அது ‘காவல்’. மதுரைச் சீமையின் பல ஊர்களில் இதே மக்கள் ஊர்க்காவல் செய்து காவற்கூலி பெற்று வந்தவர். களவு போனால் பொருளை மீட்டுத் தருவதோ ஈடு செய்வதோ அவர் பொறுப்பு. இம்முறையில் அச்சுறுத்தலும் கலந்திருந்தது. அதனை எதிர்த்து 1896ஆம் ஆண்டளவில் உழவர் கிளர்ந்ததும் உண்டு. எனினும் அரசு தனக்கெனக் காவல் துறையை அமைத்தபின், பழைய காவலர் புதிய ஏட்டில் கள்வராயினர். ஊர்எல்லையில் அரிவாளோடு நிற்கும் தெய்வம் காவல் தெய்வமாகவே தொடர்ந்து வழிபாடு பெற்றது. அத்தெய்வத்தின் முன் நின்ற காவற்காரன் மட்டும் பெயர் இழந்தான்.

அதே மக்களைப் பிரெஞ்சு மானிடவியலார் லூயி துய்மோன் 1949–50 ஆண்டுகளில் அவர்தம் ஊர்களில் தங்கி ஆராய்ந்தார். 1957இல் வெளிவந்த அவரது பெருநூலில் நாட்டுப் பிரிவுகள், மணவுறவு, முறைப்பெண் உரிமை, வழிபாடு எனச் செறிந்ததொரு வாழ்க்கை விரிகின்றது. காவலர் ஏடு கண்டதும் ஆய்வாளர் கண்டதும் ஒரே மக்களை. கேட்ட வினா வேறானமையின் கிடைத்த உலகமும் வேறாயிற்று.

பாலையும் நீரும்

வழிப்பறியைப் பற்றித் தமிழிலக்கிய மரபு அறியாததன்று. ஆறலைத்தலும் சூறைகொள்ளலும் பாலைத்திணைக்குரிய செயல்களாகப் பொருளிலக்கண உரைகளில் வைக்கப்பட்டன. பாலை என்பது யாது? முல்லையும் குறிஞ்சியும் மழையின்றி வேனிலால் தம் இயல்பு திரிந்தபோது அடையும் நிலையே பாலை எனச் சிலப்பதிகார மதுரைக் காண்டம் விளக்குகின்றது. ஆகவே கொள்ளை என்பது நீரற்ற காலத்தின் விளைவாகக் காட்டப்பட்டது. மழை பெய்தால் பாலை மீண்டும் முல்லையாகும். அங்கு வாழ்வோர் தொழிலும் மாறும். பழந்தமிழ்ப் பகுப்பு குற்றத்தை நிலத்தின் நிலையில் வைத்தது. சட்டத்தின் பகுப்பு அதனைக் குருதியில் வைத்தது.

இவற்றுள் எது உண்மைக்கு அணியது என்பதை மதுரை மாவட்டமே சோதித்துக் காட்டியுள்ளது. 1895ஆம் ஆண்டில் பெரியாற்று அணை திறக்கப்பட்டு அதன் நீர் வைகை வழியாக மேலூர்ப் பகுதிக்குப் பாய்ந்தது. அங்கிருந்த கள்ளர் சமூகத்தார் நன்செய் உழவில் நிலைபெற்றதை ஆங்கில அதிகாரிகளே எழுதி வைத்தனர். உசிலம்பட்டிப் புறமோ பெரும்பாலும் வானம் பார்த்த பூமியாகவே நின்றது. பெயர் இருபாலார்க்கும் ஒன்றே, நீர்தான் ஒன்றன்று. ஆயினும் சட்டம் இயற்றியோர் வாய்க்காலைப் பற்றி எண்ணாது ரேகையைப் பற்றி எண்ணினர். தவறான பகுப்பின் பெருங்கேடு இதுவே. குற்றமற்றாரைத் துன்புறுத்துவதோடு, உண்மையான காரணத்தைத் தேடும் முயற்சியையும் அது நிறுத்திவிடுகின்றது.

கனடிய மெய்யியலார் இயன் ஹாக்கிங் (1936–2023) இதன் மற்றொரு கூற்றை விளக்கினார். கல்லுக்கு எப்பெயர் இட்டாலும் கல் அதனை அறியாது. மனிதன் தனக்கிட்ட பெயரை அறிவான். அதற்கேற்பப் பிறர் தன்னை நடத்துவதையும் அறிவான். அதனால் அவன் வாழ்வே மாறும். மாறிய வாழ்வைக் கண்டு, பெயர் பொருந்தியது என்பர் பெயரிட்டோர். இரவெல்லாம் காவல் நிலையத்தில் கிடந்தவன் பகலில் எங்ஙனம் உழுவான்? வெளியூர் செல்ல இயலாதவன் எங்ஙனம் கூலி தேடுவான்? உழாதவன், வேலையற்றவன் எனப் பின்னர் அவனையே குறை கூறுதல் எளிது.

பெயர் மாற்றமும் நிலை மாற்றமும்

முத்துராமலிங்கத் தேவர், ஜீவானந்தம் போன்றோர் எதிர்ப்புக் குரல் எழுப்பிய இச்சட்டம் சென்னை மாகாணத்தில் 1947ஆம் ஆண்டு நீக்கப்பெற்றது. நாடு முழுமையிலும் 1952 ஆகஸ்டு 31ஆம் நாள் நீங்கியது. அறிவிக்கப்பட்டோர் அறிவிக்கை நீங்கியோர் ஆயினர். ஆங்கிலத்தில் ‘டீநோட்டிஃபைடு’ என வழங்கும் சொல் தொல்காப்பியர் கூறும் அன்மைக் கிளவி போன்றது. ‘கட்டை அன்று’ என்பதோடு அது நின்றுவிடுகின்றது. ‘மனிதன்’ என்னும் முடிவுச்சொல் அதில் இல்லை. பழைய பழி அச்சொல்லினுள் இன்னும் நிழலாடுகின்றது.

தமிழில் அமைந்த ‘சீர்மரபினர்’ என்னும் சொல் இவ்வகையில் சிறந்தது. எதிர்மறையை விட்டுச் சிறப்பினைச் சுட்டுகின்றது. ஆனால் அதற்கும் ஒரு குறை உண்டு. இன்றைய மாணவன் ஒருவன் சான்றிதழில் இச்சொல்லைக் காணும்போது, தன் பாட்டனார் எந்தத் துன்பத்திலிருந்து மீண்டார் என்பதை அச்சொல் அவனுக்கு உணர்த்துவதில்லை. புண்ணை மூடிய துணி புண்ணின் வரலாற்றையும் மூடிவிடுகின்றது.

ஒரு சொல்லின் மாற்றம் வயிற்றையும் கல்வியையும் தொடும் என்பதற்கும் இவ்வரலாறே சான்று. தமிழக அரசு 1979ஆம் ஆண்டு ஆணையொன்றால் இவர்களைக் குறித்த பெயரில் ‘பழங்குடியினர்’ என்பதனை ‘வகுப்பினர்’ என மாற்றியது. மைய அரசின் திட்டங்களோ பழைய சொல்லையே நோக்கின. பல ஆண்டுப் போராட்டத்தின் பின்னர் 2019இல், 68 சமூகத்தார்க்கு மாநிலத் தேவைக்கு ஒரு பெயரும் மையத் தேவைக்கு ஒரு பெயருமாகச் சான்றளிக்க வழி செய்யப்பட்டது. ஒருவரே இரு பெயர் தாங்கி இரு வாயில்களில் நிற்க நேர்ந்தமை, பகுப்பு என்பது மனிதனிடத்து இல்லாது அலுவலகத்திடத்து இருப்பதை நன்கு விளக்குகின்றது.

சட்டம் நீங்கியும் நோக்கு நீங்கவில்லை. 1948ஆம் ஆண்டிலேயே சென்னை மாகாணத்தில் வழக்கமான குற்றவாளிகளைக் கட்டுப்படுத்தும் சட்டமொன்று பிறந்தது. 2024 அக்டோபர் 3ஆம் நாள் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பொன்று, பல மாநிலச் சிறைக் கையேடுகளில் சாதியால் வேலை பகுக்கும் விதிகளையும், சீர்மரபினரைப் பிறவியிலேயே குற்றநாட்டமுடையோராகக் கருதும் விதிகளையும் அரசமைப்புக்கு மாறானவை எனத் தள்ளியது. சிறைப் பதிவேட்டின் சாதிப் பத்தியையும் நீக்கப் பணித்தது. சட்டம் மறைந்து எழுபத்திரண்டு ஆண்டுகளுக்குப் பின்னரும் அதன் சொற்கள் கையேடுகளில் உயிர்த்திருந்தன.

நிறைவாக

பகுப்பின்றி அறிவு இல்லை. திணையும் துறையும் இன்றித் தமிழிலக்கியத்தை எடுத்துரைக்க இயலாது. பத்திகள் இன்றி அரசு தன் குடிகளுக்கு உதவவும் இயலாது. சீர்மரபினர் என்னும் பகுப்பு இல்லையாயின் அம்மக்கள் இழந்ததற்கு ஈடு கேட்கவும் வழி இராது. ஆதலின் பகுப்பை ஒழித்தல் தீர்வாகாது. எந்தப் பகுப்பும் தன்னுள் ஐயத்திற்கு ஒரு வாயில் வைத்திருத்தல் வேண்டும் என்பதே இவ்வரலாறு தரும் பாடம். சுட்டப்பட்டோர், ‘இப்பெயர் எமக்குப் பொருந்தாது’ என எழுந்து கூறுவதற்கும், சுட்டியோர் அதனைக் கேட்பதற்கும் இடமுள்ள பகுப்பே நேரிய பகுப்பு.

இலக்கியம் பயில்வோர்க்கு இதில் தனிக்கடமை உண்டு. நாளேட்டிலும் வகுப்பறையிலும் தெருவிலும் ஒரு கூட்டத்தாரைப் பற்றி ஒற்றைச் சொல்லில் தீர்ப்புரைக்கும் வழக்கு இன்னும் ஓயவில்லை. அச்சொல்லை வாய்வழி விடுமுன், தொலைவில் தோன்றும் உருவைக் கண்டு ‘உரு’ என்று மட்டும் கூறி, அருகில் சென்று பார்க்கச் சொன்ன இலக்கணத்தை நினைத்தல் நன்று. அருகில் சென்று பார்த்தோர் அங்கே மக்களையே கண்டனர். மக்கட்சுட்டு என்னும் சொல் தமிழர்க்கு நெடுங்காலமாகவே வாய்த்திருக்கின்றது. அதனை எவர்க்கும் மறுக்காமல் வழங்குதலே எஞ்சியுள்ள பணி.